எச்சம் என்னும் வாசிப்பு நெறி: விக்டோரியக் காலக் குழந்தைமை அருங்காட்சியகங்களை முன்வைத்து

முன்னுரை

அருங்காட்சியகம் பழம்பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம் மட்டும் அன்று. எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுப்பது, எதனை எதன் அருகில் வைப்பது, எத்தகைய விளக்க அட்டையை எழுதுவது என்னும் தெரிவுகளால் அது ஆக்கப்படுகிறது. ஆக்கப்பட்ட எதுவும் வாசிக்கத்தக்கது. எனவே இலக்கியத் திறனாய்வாளர் ஒரு பனுவலிடம் எழுப்பும் வினாக்களை அருங்காட்சியகத்திடமும் எழுப்பலாம். பேசுவோர் யார், கேட்போர் யார், சொல்லப்படாமல் நிற்பது எது என்பன அவ்வினாக்கள்.

இவற்றுள் மூன்றாவது வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பிரித்தானியாவில் விக்டோரியா அரசி ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தின் அன்றாட வாழ்வையும் குழந்தைமையையும் காட்சிப்படுத்தும் நான்கு அருங்காட்சியகங்கள் இதன் ஆய்வுக்களமாகின்றன. எடின்பரோவிலுள்ள குழந்தைமை அருங்காட்சியகம், கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியிலுள்ள யங் வி அண்ட் ஏ, அதனை அடுத்த மைல் எண்ட் பகுதியிலுள்ள ரேகட் பள்ளி அருங்காட்சியகம், யார்க் நகரிலுள்ள காசில் அருங்காட்சியகம் ஆகியன அவை. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகக் கூறும் எச்சம் என்னும் கருத்தாக்கம் இவ்வாய்வுக்குக் கருவியாகிறது. உழைத்து வளர்ந்த குழந்தைகள் இவ்வருங்காட்சியகங்களில் எச்சமாகவே நிற்கின்றனர். அவ்வெச்சத்தை முடிக்கும் முறையில்தான் ஓர் அருங்காட்சியகத்தின் நேர்மை வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

எச்சம்: சொல்லும் கருத்தும்

எச்சம் என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்து வழங்குகிறது. எஞ்சி நிற்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். முடிவு பெறாத சொல்லைப் பெயரெச்சம் என்றும் வினையெச்சம் என்றும் இலக்கணம் குறிக்கிறது. குறைபாடு என்னும் பொருளிலும் அச்சொல் பழைய இலக்கியத்தில் ஆளப்பட்டுள்ளது. ஒருவருக்குப் பின் எஞ்சி நிற்கும் மக்களையும் அது குறிக்கும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் எச்சம் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்னும் பொருளையே கொள்கிறார். எஞ்சிய பொருள், முடிவு பெறாத சொல், குழந்தை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் நின்று குழந்தைமை அருங்காட்சியகத்தைக் காண்பது பயன் தரும்.

தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துரைக்கும் 34 உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. செய்யுளில் வெளிப்படச் சொல்லப்படாமல் நின்று, சொல்லாலோ குறிப்பாலோ முடிவு கொள்வது அதன் இயல்பாகக் கூறப்படுகிறது. இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, சொல்லப்படாதது செய்யுளுக்குப் புறம்பானது அன்று. அதுவும் ஓர் உறுப்பே. மற்றொன்று, எச்சத்தை வாசகர் தம் விருப்பம்போல் நிரப்பிவிட இயலாது. சொல்லப்பட்டது எதற்கு இடம் தருகிறதோ அதுவே முடிபாக அமையும். செய்யுளுக்குரிய உறுப்பைப் பொருள்களின் அடுக்குக்குப் பொருத்துவது தகுமா என்னும் ஐயம் எழலாம். தெரிந்தெடுத்தலும் வரிசைப்படுத்தலும் இரண்டுக்கும் பொதுவாதலின் இவ்விரிவாக்கம் தகும் எனலாம்.

எஞ்சியவை எவை?

விக்டோரியக் காலக் குழந்தைமை என்றவுடன் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சில பொருள்கள் நினைவுக்கு வருகின்றன. பீங்கான் முகம் கொண்ட பொம்மை, பல அறைகளைக் கொண்ட பொம்மை வீடு, முன்னும் பின்னும் ஆடும் மரக்குதிரை, ஈய வீரர்கள், விலங்கு இணைகளோடு கூடிய நோவாவின் பேழை ஆகியவை அத்தகையன. இவை எவ்வாறு எஞ்சின என்பது முதலில் எண்ணத்தக்கது. அன்றாடம் கையாளப்பட்ட பொருள் தேயும், உடையும், அடுத்த பிள்ளைக்குச் செல்லும், இறுதியில் அடுப்பிலும் எரியும். அரிதாகக் கையாளப்பட்ட பொருளே நூறாண்டு கடந்து நிற்கும். நோவாவின் பேழையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். சமயப் பற்று மிக்க பல குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விலக்கப்பட்டிருந்தது. விவிலியக் கதையோடு தொடர்புடையது என்பதால் நோவாவின் பேழைக்கு மட்டும் அன்று இசைவு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் எடுக்கப்பட்டுப் பின்னர் உள்ளே வைக்கப்பட்ட பொருள் நெடுநாள் எஞ்சியதில் வியப்பில்லை.

ஆகவே பொருள்கள் எஞ்சுவது தற்செயலாக நிகழ்வது அன்று. வைத்துக்கொள்ள அறையும், பாதுகாக்கப் பணியாளரும், மரபுரிமையாகக் கொடுக்கும் வழக்கமும் உடைய வீடுகளிலிருந்தே பொருள்கள் அருங்காட்சியகத்தை அடைகின்றன. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த வீட்டில் பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் மூலை என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. அருங்காட்சியகம் எவ்வித உள்நோக்கமும் இன்றித் தன்னிடம் வந்தவற்றை மட்டும் அடுக்கினாலும் அவ்வடுக்கு வசதி படைத்தோரின் குழந்தைமையையே விக்டோரியக் குழந்தைமை எனச் சொல்லிவிடும்.

அப்பொருள்களுக்குள்ளும் வேறொரு குழந்தை மறைந்திருத்தல் உண்டு. பிரித்தானிய நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் விளையாடிய பொம்மைகளுள் பல, ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருந்து இறக்குமதியானவை. அங்குள்ள சோனபெர்க் நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் பொம்மைத் தொழிலின் மையங்களாக இருந்தன. குடும்பத்தோடு வீட்டிலிருந்தே செய்யும் கைத்தொழிலாக அது நடைபெற்றது. சிறுவரும் அவ்வேலையில் பங்கு கொண்டனர். ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருள் மற்றொரு குழந்தையின் வேலையாக இருந்தது. விளையாடிய குழந்தையின் பெயரை விளக்க அட்டை சில வேளைகளில் தருகிறது. செய்த குழந்தையின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. பொம்மையின் வண்ணமுகமே அங்கு எச்சமாக நிற்கிறது எனலாம்.

இருவேறு நோக்குகள்: எடின்பரோவும் பெத்னல் கிரீனும்

எடின்பரோ அருங்காட்சியகம் 1955இல் நிறுவப்பட்டது. குழந்தைமையின் வரலாற்றுக்கெனவே உலகில் முதன்முதலாகத் தோன்றிய அருங்காட்சியகம் என அது போற்றப்படுகிறது. அதனை நிறுவிய பாட்ரிக் மரே அந்நகர மன்ற உறுப்பினராக இருந்தவர். இது குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் அன்று, குழந்தைமையைப் பற்றிய அருங்காட்சியகம் என்னும் வேறுபாட்டை அவர் வலியுறுத்தினார். நகைப்புக்குரிய பிடிவாதமாகத் தோன்றினும் இவ்வேறுபாட்டில் ஒரு கோட்பாட்டு நிலை உள்ளது. குழந்தைமை என்பது ஆய்வுக்குரிய பொருள். அதற்கு வரலாறு உண்டு. அதனை வளர்ந்தோர் ஆராய்தல் வேண்டும் என்பது அந்நிலை. பிரெஞ்சு வரலாற்றறிஞர் பிலிப் ஆரியெஸ் குழந்தைமையைக் காலத்தோடு மாறும் கருத்தாக்கமாக விளக்கிய நூல் வெளிவந்தது 1960இல்தான் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பெத்னல் கிரீன் அருங்காட்சியகத்தின் வரலாறு வேறானது. தென் கென்சிங்டனில் முன்னர் நின்ற இரும்புக் கட்டடத்தின் சட்டகத்தைப் பெயர்த்து வந்து அமைத்த கட்டடத்தில் 1872இல் அது திறக்கப்பட்டது. கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்களுக்குக் கலையறிவு ஊட்டுவது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. 1920களில் அதன் பொறுப்பாளராக இருந்த ஆர்தர் சபின், அங்கு வரும் சிறுவர்கள் சலிப்போடு திரிவதைக் கண்டு அவர்களுக்கு ஏற்ற பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1974இல் அது முறையாகக் குழந்தைமை அருங்காட்சியகம் ஆயிற்று. 2020இல் மூடப்பட்டு, 2023 சூலையில் யங் வி அண்ட் ஏ என்னும் புதுப்பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. விளையாடு, கற்பனை செய், வடிவமை என்னும் மூன்று பிரிவுகளாக இன்று அது அமைந்துள்ளது.

மரேயின் வேறுபாட்டை வைத்து நோக்கின், பெத்னல் கிரீன் குழந்தைமையைப் பற்றிய அருங்காட்சியகம் என்னும் நிலையிலிருந்து குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் என்னும் நிலைக்கு நகர்ந்துள்ளது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. தொடாதே எனத் தடுத்து நிறுத்தப்பட்ட குழந்தை இன்று அங்கு ஆக்குவோராக நடத்தப்படுகிறது. ஆயினும் காலவரிசை விலகும்போது காரணமும் விலகுகிறது. விளையாட்டு என்னும் தலைப்பின்கீழ் ஒரு விக்டோரியப் பொம்மையும் இக்காலப் பொம்மையும் அருகருகே நிற்கையில், அனைத்துக் காலத்திலும் அனைத்துக் குழந்தைகளும் விளையாடினர் என்னும் பொதுமை உருவாகிறது. விளையாட நேரம் பெற்றவர் யார் என்னும் வினா அங்கு எழ இடமில்லை.

அவ்வினாவை எழுப்பும் பொருள் ஒன்று அக்கட்டடத்திலேயே உள்ளது. அது பேழைக்குள் இல்லை. பார்வையாளரின் காலடியில் உள்ளது. நடுக்கூடத்தில் மீன் செதில் வடிவில் பதிக்கப்பட்டுள்ள கருப்பு வெள்ளைப் பளிங்குத் தரை, வோக்கிங் சிறையில் இருந்த பெண் கைதிகளால் செய்யப்பட்டது. அருங்காட்சியகத்தின் விக்டோரியக் கால அன்றாடத்தை மிக உண்மையாகச் சொல்லும் பொருள் அத்தரையே எனலாம். அதன்மீது குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். இது அமைப்பாளர் திட்டமிட்டு உருவாக்கிய எச்சம் அன்று. ஆயினும் கட்டடம் தானே சொல்லாமல் சொல்லும் செய்தி அது.

சூழலையும் கருத வேண்டும். அருங்காட்சியகத்தைச் சுற்றியிருந்த கிழக்கு லண்டன் வீடுகளில் தீப்பெட்டி செய்தல் பரவலான வேலையாக இருந்தது. மெல்லிய மரச்சில்லை மடித்து, தாள் ஒட்டி, 144 பெட்டிகள் செய்தால் இரண்டேகால் பென்னி அளவில் கூலி கிடைத்தது. பசையும் நூலும் செய்வோர் செலவு. குடும்பத்தின் மிகச் சிறிய பிள்ளையும் அவ்வேலையில் உதவியது. அப்பெட்டிகளில் எதுவும் குழந்தைமையின் பொருளாகக் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. தீக்குச்சி தீர்ந்ததும் எறியப்படுவதே அதன் இயல்பு.

சொல்லால் முடியும் எச்சம்

பொருளை விட்டுச் செல்லாத குழந்தைகள் சிலர் சொல்லை விட்டுச் சென்றுள்ளனர். தொழிலில் ஈடுபட்ட சிறுவரைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரசு ஆணையம் சுரங்கங்கள் குறித்த தன் அறிக்கையை 1842இல் வெளியிட்டது. சுரங்கத்துள் காற்றோட்டத்தைச் சீர்செய்யும் கதவுகளைத் திறந்து மூடும் பணியில் சிறு பிள்ளைகள் அமர்த்தப்பட்டிருந்தனர். நிலக்கரி வண்டி வரும்போது கதவைத் திறப்பதும், சென்றபின் மூடுவதும் அவர்கள் வேலை. நாளின் பெரும்பகுதியை இருளில் தனித்து அமர்ந்து கழித்தனர். சாரா கூடர் என்னும் எட்டு வயதுச் சிறுமியின் வாக்குமூலம் பலரும் அறிந்தது. வெளிச்சம் இருந்தால் சில நேரம் பாடுவதாகவும், இருளில் பாடத் துணிவதில்லை என்றும் அச்சிறுமி கூறியதாக அறிக்கை பதிவு செய்கிறது. அவ்வாண்டே பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவரையும் நிலத்தடிச் சுரங்கவேலையில் அமர்த்துவதைச் சட்டம் தடை செய்தது.

பாட்டை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. பாடாமல் இருந்த நேரத்தை வைக்கவே முடியாது. ஆயினும் அவ்வொரு வாக்குமூலம் கதவுப் பணியின் கொடுமையைப் பொருள்களைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. செய்யுளின் எச்சம் சொல்லால் முடிவது போலக் காட்சியின் எச்சம் இங்கு ஆவணத்தால் முடிகிறது.

இம்முடிபிலும் ஓர் எச்சரிக்கை தேவை. வாக்குமூலங்களைக் கேட்டவரும் எழுதியவரும் வளர்ந்தோர்; அரசு அலுவலர்; சீர்திருத்தம் நாடியவர். குழந்தையின் சொல் அவர்களின் எழுத்து வழியாகவே நம்மை அடைகிறது. என்றி மேயூ லண்டன் உழைப்பாளரைப் பற்றி எழுதி 1851இல் நூலாகத் தொகுத்தவற்றுள் நீர்க்கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமியின் பகுதி இதற்குச் சான்றாகும். குழந்தையிடம் பேசுவது போல விளையாட்டுப் பொருள்களைப் பற்றி மேயூ அவளிடம் பேச்செடுக்கிறார். அவள் தன்னைக் குழந்தையாகவே கருதவில்லை என்பதை அறிந்து திகைக்கிறார். வாசகரும் அத்திகைப்பையே அடைகிறார். அதுவே மேயூவின் எழுத்து நாடும் மெய்ப்பாடு.

ஆனால் அப்பகுதியின் பிற்கூற்றில் அவளிடம் விளையாட்டுப் பொருள்கள் உண்டு என்பது தெரிகிறது. சிறு அடுப்பு, கத்தியும் முள்கரண்டியும், இரண்டு சிறு நாற்காலிகள் முதலியன அவளிடம் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் அவள் வேலைக்குச் சென்ற யூதர் வீட்டில் அவை கொடுக்கப்பட்டன. பொம்மை மட்டும் அவளுக்கு என்றும் இருந்ததில்லை. அதைச் சொன்னவுடன் தன் தங்கை இல்லாத குறையை அவள் சொல்கிறாள். உழைத்த குழந்தைக்கு விளையாட்டே இல்லை என்னும் எளிய முடிபும் இங்குப் பிழையாகிறது. அவளுக்கு விளையாட்டு இருந்தது. ஆனால் அவ்விளையாட்டுப் பொருள்கள் அவள் செய்த வீட்டுவேலையின் சிறு வடிவங்களாக இருந்தன. பொம்மையின் இடத்தில் அவள் வளர்த்த குழந்தை இருந்தது. ஆவணத்தைக் கவனமாக வாசிக்காமல் இரக்கத்தால் மட்டும் எச்சத்தை நிரப்புவது எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இச்சிறுமியே சான்று.

பொய்யாக நிரப்பப்பட்ட எச்சம்

எச்சத்தை இரக்கம் கருதியே பொய்யாக நிரப்பியதற்கு விக்டோரியக் காலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. தாமசு பர்னாடோ 1845இல் டப்ளினில் பிறந்து, 1866இல் லண்டன் வந்து, கிழக்கு லண்டனின் ஆதரவற்ற சிறுவர்க்குப் பள்ளிகளும் இல்லங்களும் அமைத்தவர். தம் இல்லங்களில் சேர்க்கப்பட்ட சிறுவரை 1874 முதல் முறையாக ஒளிப்படம் எடுக்கச் செய்தார். அவற்றுள் சில முன், பின் என்னும் இணைப்படங்களாக அச்சிடப்பட்டு நிதி திரட்டுவதற்காக விற்கப்பட்டன. முன்படத்தில் கந்தல் உடுத்திய சிறுவன். பின்படத்தில் தூய உடையோடு தொழில் கற்கும் அதே சிறுவன்.

1877இல் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை நடுவர் குழு ஒன்று விசாரித்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். எனினும் படங்களில் சில ஒப்பனை செய்து அமைக்கப்பட்டவை என்பதை நடுவர்கள் கண்டித்தனர். உண்மையில் ஏழையாயிருந்த சிறுவனை மேலும் ஏழையாகத் தோன்றுமாறு உடுத்தி நிறுத்தியது அப்படம். வறுமை பொய் அன்று, கந்தல் பொய். பார்ப்போரின் இரக்கத்துக்கு ஏற்ற வடிவில் எச்சம் முடிக்கப்பட்டது. சொல்லப்பட்டது இடம் தராத முடிபு எச்சத்தின் முடிபு ஆகாது என்னும் நெறியை இந்நிகழ்வு உறுதிப்படுத்துகிறது.

குறிப்பால் முடியும் எச்சம்

அதே 1877இல் பர்னாடோ மைல் எண்ட்டில் காப்பர்ஃபீல்டு சாலையில் கால்வாய்க்கரைப் பண்டகசாலைகளில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ரேகட் என்பது கந்தல் எனப் பொருள்படும். ஏழைச் சிறுவர்க்கான இலவசப் பள்ளிகள் அப்பெயராலேயே வழங்கின. 1908இல் அப்பள்ளி மூடப்பட்டது. அக்கட்டடங்களில் 1990இல் ரேகட் பள்ளி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விக்டோரியக் கால வகுப்பறையும் கிழக்கு லண்டன் சமையலறையும் அங்கு மீட்டமைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் மர மேசைகளில் அமர்கின்றனர். அக்காலத்து ஆசிரியராக நடிப்பவர் கண்டிப்போடு பாடம் நடத்துகிறார். சிலேட்டில் எழுத வேண்டும். நிமிர்ந்து அமர வேண்டும். கேட்டாலன்றிப் பேசக் கூடாது. இங்குப் பேழைக்குள் வைத்துக் காட்டும் பொருள் இரண்டாமிடம் பெறுகிறது. உடலின் இருப்பும் குரலின் கடுமையும் குறிப்பாக நின்று எச்சத்தை முடிக்கின்றன.

இம்முறை வெறும் கேளிக்கை என ஒதுக்கத்தக்கது அன்று. சிலேட்டைப் பேழையில் காண்பவர் அதனைப் பலகையாக அறிகிறார். அதில் எழுதுபவர், அழித்தால் எதுவும் எஞ்சாத எழுத்தாக அதனை அறிகிறார். ஏழைச் சிறுவரின் பள்ளி எழுத்துகள் ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கு அதுவே விடை. எஞ்சாமையின் காரணத்தையே செய்கையால் உணர்த்துவது சிறந்த குறிப்பெச்சம் எனக் கொள்ளலாம்.

ஆயினும் இதன் எல்லையையும் சுட்ட வேண்டும். அப்பள்ளி சிறுவர்க்குக் கல்வியோடு உணவும் அளித்தது. வந்தவர் பலர்க்கு முதற்காரணம் பசியே என எண்ண இடமுண்டு. நடிப்பு வகுப்பில் கண்டிப்பு உண்டு, பசி இல்லை. பார்வையாளச் சிறுவர் உண்டு வந்தவர். பாடம் முடிந்ததும் எழுந்து செல்வர். ஆசிரியரின் கடுமை மட்டும் நினைவில் நிற்பின், விக்டோரியக் குழந்தைமையின் துன்பம் பிரம்படியே என்னும் கருத்து எஞ்சும். அப்பள்ளிக்கு வந்தவர்க்கோ அப்பள்ளியே அந்நாளின் ஆறுதலான இடமாக இருந்திருக்கக்கூடும். அதனை நடித்துக் காட்ட இயலாது, சொல்லத்தான் இயலும். குறிப்பால் முடியாத இடத்தில் சொல் துணை நிற்க வேண்டும்.

யார்க் காசில் அருங்காட்சியகம் இதனைத் தன் வரலாற்றால் காட்டுகிறது. மருத்துவர் ஜான் கிர்க் சேகரித்த அன்றாடப் பொருள்களைக் கொண்டு 1938இல் அது திறக்கப்பட்டது. கிர்க்கேட் என்னும் மீட்டமைக்கப்பட்ட விக்டோரியத் தெரு அதன் சிறப்பு. கடைகளின் முகப்புகளால் ஆன தெரு அது. வாங்குவோர் கண்ணில் அமைந்த நகரம். அதே யார்க் நகரில் சீபோம் ரவுண்ட்ரி நடத்திய வறுமை ஆய்வு 1901இல் வெளிவந்து, மக்களுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் வறுமையில் வாழ்ந்ததைக் காட்டியது. ஆய்வு நூலில் இருந்த மக்கள் தெருவில் இல்லை. 2012இல் தெரு புதுப்பிக்கப்பட்டபோது ரவுண்ட்ரி பெயரால் ஏழைகள் வாழ்ந்த ஒடுங்கிய சந்து ஒன்று சேர்க்கப்பட்டது. முன்னரே இருந்த ஆவணத்தால் காட்சியின் எச்சம் முடிவு பெற நெடுங்காலம் ஆயிற்று என்பது நோக்கத்தக்கது.

செருப்புப் பொம்மை

எச்சத்தைத் தானே ஏந்தி நிற்கும் பொருள் ஒன்று எடின்பரோவில் உள்ளது. வங்கிப் பணியாளரும் நாட்டார் வழக்காற்றுப் பொருள்களைச் சேகரித்தவருமான எட்வர்டு லவெட் திரட்டிய பொம்மைகளுள் அது ஒன்று. தேய்ந்த பழைய செருப்பே அதன் உடலும் முகமும். துணியைச் சுற்றி உடையாக்கியுள்ளனர். லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியிலிருந்து கிடைத்தது, 1905ஐ ஒட்டியது. விக்டோரியா மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தாலும் அது சுட்டும் வாழ்க்கை முந்தைய காலத்தின் தொடர்ச்சியே.

இப்பொம்மை மூன்று வகையில் சிறப்புடையது. முதலாவதாக, எறியப்பட வேண்டியது எஞ்சியுள்ளது. அதுவும் சேகரிப்பாளர் ஒருவர் தேடிச் சென்றதால் எஞ்சியுள்ளது. இரண்டாவதாக, விளையாடியவர்க்கும் செய்தவர்க்கும் இடையே சோனபெர்க் பொம்மையில் காணும் தொலைவு இதில் இல்லை. ஒரே வீட்டுக்குள், ஒருவேளை ஒரே கையால், அது பொம்மையாயிற்று. மூன்றாவதாக, செருப்பைப் பொம்மையாகக் காணச் செய்த கற்பனையைப் பார்வையாளரும் செய்து பார்த்தே அதனைப் பொம்மையாக ஏற்க வேண்டியுள்ளது. இரக்கம் தோன்றும் அதே கணத்தில் வியப்பும் தோன்றுகிறது. பர்னாடோவின் முன்படத்துச் சிறுவன் இரக்கத்தை மட்டும் வேண்டி நிற்கிறான். செருப்புப் பொம்மையைச் செய்தவரோ ஆக்குவோராக நம்முன் நிற்கிறார். விளையாட்டும் கற்பனையும் வடிவமைப்பும் ஒருங்கே அமைந்த இப்பொருள் தான் பிறந்த பெத்னல் கிரீனில் இல்லாமல் எடின்பரோவில் இருப்பது ஒரு முரண்.

விக்டோரிய என்னும் அடைமொழி

இவ்வருங்காட்சியகங்கள் ஆளும் விக்டோரிய என்னும் அடைமொழி பிரித்தானியத் தீவுக்குள் அடங்குவது அன்று. அவ்வரசி 1877 தொடக்கத்தில் இந்தியாவின் பேரரசியாகவும் அறிவிக்கப்பட்டார். பிரித்தானியாவில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாக நெசவாலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1881இல் இந்தியாவுக்கு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வேலைக்குரிய தாழ்ந்த வயதை ஏழாக வகுத்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்ய இசைவளித்தது. ஒன்பது வயது என்னும் வரம்பு 1891இல்தான் இங்கு வந்தது. ஒரே முடியின்கீழ்க் குழந்தைமை இரண்டு வயதுகளில் முடிந்தது. விக்டோரியக் குழந்தைமையைப் பேசும் காட்சிக்கூடத்தில் இவ்வேறுபாடு ஒரு விளக்க அட்டையாகவேனும் இடம்பெறுவது தகும். இந்தியப் பார்வையாளர் அங்குக் கேட்கத்தக்க வினாவும் இதுவே.

முடிவுரை

மேற்கண்ட வாசிப்பிலிருந்து பெறப்படுவன வருமாறு. விக்டோரியக் காலக் குழந்தைமை அருங்காட்சியகங்களில் எஞ்சிய பொருள்கள் பெரிதும் உடைமை பெற்றிருந்த குழந்தைகளுடையவை. உழைத்த குழந்தைகள் அப்பனுவலின் எச்சமாக உள்ளனர். பொருளை மட்டும் அடுக்கும் முறை அவ்வெச்சத்தை மறைக்கிறது. காலத்தையும் காரணத்தையும் நீக்கிப் பொதுமைப்படுத்தும் முறை எச்சம் இருப்பதையே அறியாமல் செய்கிறது. நடித்துக் காட்டும் முறை அதனை முடிக்க முயல்கிறது. ஆவணத்தோடு பொருந்தும் அளவில் வெற்றி பெறுகிறது. பொருந்தாதபோது பர்னாடோவின் இணைப்படங்களைப் போல ஒப்பனையாகிறது.

எனவே எச்சத்தை முடிக்கும் காட்சிக்கு இரண்டு நெறிகளை முன்மொழியலாம். முடிபு, எஞ்சிய பொருளோ ஆவணமோ இடம் தரும் எல்லைக்குள் அமைதல் வேண்டும். அது முடிபே என்பது பார்வையாளர்க்குத் தெரிதலும் வேண்டும். நடைமுறையில் இது அரிய செயல் அன்று. பீங்கான் பொம்மையின் விளக்க அட்டையில் அதனை வைத்திருந்த குழந்தையின் பெயரோடு, அதனைச் செய்தோர் எவ்வூரினர், அவர்களுள் சிறுவர் இருந்தனரா, அதே ஆண்டில் அதே தெருவில் பொம்மையில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும். பேழைக்குள் உள்ள பொருள் மாறாது. அதன் பொருள் மாறும்.